ஆர்விட் லாத்தினனின் சிவப்பு ஃபிளாப்பி

1994-ஆம் ஆண்டு ஜனவரி 20, வியாழக்கிழமை. மிச்சிகனின் வடகோடியில் உள்ள ஹான்காக்கில் மூன்றாம் நாளாகப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரி. ஆர்விட் லாத்தினன் அந்தப் பனியிலும் நடந்தே தேவாலய அலுவலகத்துக்குப் போனார். சட்டைப் பையில் அவருடைய சிவப்பு ஃபிளாப்பி இருந்தது.

தொலைபேசி நிறுவனத்தில் இருபத்தாறு ஆண்டுகள் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர் அவர். அதன்பின் கணிப்பொறியைத் தாமே கற்று, ஊராருக்குக் கூலி வாங்காமல் பழுதுபார்த்துவந்தார். பிறர் நிறுவிய எதையும் நம்பமாட்டார். எந்தக் கணிப்பொறியானாலும் தம் ஃபிளாப்பியைச் செருகி, அதிலுள்ள நிரல்களைக் கொண்டுதான் இயக்குவார். "என் கையால ஒரு ஃபைல்கூடத் தொலைஞ்சதில்ல" என்று சொல்லிக்கொள்வதில் அவருக்குப் பெருமை உண்டு.

அலுவலகச் செயலர் வெர்னா காங்கஸ், தேவாலயத்தின் நூற்றாண்டு மலருக்காகப் பழைய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளை மூன்று குளிர்காலமாகக் கணிப்பொறியில் தட்டச்சு செய்துவந்தார்.

"ஆர்விட், இடமே இல்லன்னு இது கத்துது. கொஞ்சம் பாரேன். அடக்கத்துக்கு வந்தவங்களுக்கு நான் காபி போடணும்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனார்.

ஆர்விட் வழக்கம்போலத் தம் ஃபிளாப்பியைச் செருகிக் கணிப்பொறியை எழுப்பினார். மறைத்துவைக்கப்பட்ட கோப்பு ஒன்று ஏறக்குறைய வன்தட்டு முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தது. வெர்னாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், ஆர்விட் கேட்கவில்லை. யாரோ விட்டுப்போன குப்பை என்று முடிவுகட்டி அழித்தார். இடம் கிடைத்தது. கணிப்பொறியை அணைத்துவிட்டு வீடு திரும்பினார்.

மறுநாள் காலை வெர்னாவின் பதிவேடுகளில் ஒன்றையும் காணவில்லை. ஆர்விட் வந்தபோது, தேவாலயக் குழுத் தலைவர் ஐனோ சால்மெலாவும் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"நீ என்னத்த அழுத்தித் தொலைச்ச?" என்று ஐனோவின் எதிரிலேயே வெர்னாவைக் கேட்டார் ஆர்விட்.

"ஒண்ணும் அழுத்தல. சுவிட்சத்தான் போட்டேன்."

"சுவிட்சப் போட்டா மூணு வருஷ வேலை காணாமப் போகுமா?"

ஐனோ சிரித்தார். "காபி ஃபில்டரைக்கூட வெர்னா தலைகீழாத்தான் வைப்பா." வெர்னாவின் முகம் கழுத்துவரை சிவந்தது. வீட்டில் வைத்துப் பார்க்க ஆர்விட் வன்தட்டைக் கழற்றியதும், கணிப்பொறியை விற்ற கடைக்காரர் கொடுத்திருந்த காகிதங்களையும் எடுத்து அவரிடம் நீட்டினார்.

சனிக்கிழமை ஆர்விட் அந்தக் காகிதங்களைப் படித்தார். சிறிய தட்டில் இருமடங்கு கொள்ளவேண்டும் என்பதற்காக, கடைக்காரர் எல்லாவற்றையும் சுருக்கி மறைவான ஒரே கோப்புக்குள் அடைத்திருந்தார். கணிப்பொறி தானாக எழும்போது அந்தக் கோப்பு இரண்டாவது தட்டாக விரியும். வெளி ஃபிளாப்பியால் எழுப்பினால் அது வெறும் பொதியாகத்தான் தெரியும்.

அழித்ததை மீட்கும் நிரலை அவர் ஓட்டினார். அழிந்த கோப்பின் பெயர் முதலெழுத்து இல்லாமல் திரையில் வந்தது. அதன் அருகில் அழிக்கப்பட்ட நேரமும் இருந்தது: வியாழன், பிற்பகல் 2.41. எதை அழித்தாலும் நேரத்தைக் குறித்துவைக்கும்படி சிவப்பு ஃபிளாப்பியில் ஏற்பாடு செய்திருந்தவர் அவரேதான். அந்த நேரத்தில் வெர்னா காபி ஊற்றிக்கொண்டிருந்தார்.

விடுபட்ட முதலெழுத்தைத் தட்டினார். கோப்பு மீண்டுவந்தது, உடைந்த இடங்களைச் சரிசெய்ய மாலையாயிற்று. 1931-ஆம் ஆண்டின் ஞானஸ்நானப் பட்டியல் மட்டும் சிதைந்துபோயிருந்தது. கோப்பு அழிக்கப்பட்ட நேரத்தைப் பார்த்தவர் அவரைத் தவிர வேறு யாருமில்லை. ஃபிளாப்பியிலிருந்து அந்தக் குறிப்பை நீக்க ஒரு நொடி போதும். விரல் விசைமேல் சற்று நின்றது, பிறகு விலகியது. ஆனாலும், தட்டைத் திரும்பப் பொருத்தப் போனபோது வெர்னாவிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

ஞாயிறு வழிபாட்டுக்குப் பிறகு, காபி மேசையில் எல்லோரும் ஆர்விட்டின் தோளைத் தட்டினார்கள். ஏலக்காய் ரொட்டியில் பெரிய துண்டை வெர்னாவே அவர் தட்டில் வைத்தார்.

"நீ இல்லேன்னா நான் இந்த ஊர்ல தலைகாட்டியிருக்க முடியாது ஆர்விட். 1931-ஐ மறுபடியும் அடிச்சுத் தந்துடறேன்."

ஆர்விட் ரொட்டியைத் தொடாமல் தட்டைத் தள்ளிவைத்தார்.

"அடிக்கறத வேற யாராவது பார்த்துக்கட்டும்" என்றார் ஐனோ. "நாளையிலேர்ந்து வெர்னா அந்த மிஷினத் தொட வேண்டாம்னு குழுவுல பேசிட்டோம்."

வெர்னா கையிலிருந்த கத்தியை மேசைமேல் வைத்தார்.

"ஆர்விட், அவ எதை அழுத்தினான்னு மட்டும் சொல்லு. பெரிசா எழுதிச் சுவத்துல ஒட்டிடலாம்" என்று சிரித்தார் ஐனோ. "வெர்னாதான அழிச்சா?"

ஆர்விட் எழுந்து நின்றார்.

"இல்ல. நான்தான் அழிச்சேன்."