எருக்குழி மண்

வேளாண் கல்லூரி மாணவி கவிப்பிரியா மண்வெட்டியும் துணிப்பையுமாக வரப்பில் ஏறியதுமே குள்ளம்மாள் களை பறிப்பதை நிறுத்திவிட்டாள்.

"கிராமத்துலயே தங்கிப் பயிற்சி எடுக்கறோங்கம்மா. உங்க நெலத்துல கொஞ்சம் மண்ணு எடுத்துக்கட்டுங்களா?"

"எதுக்கு?"

"என்ன உரம் போடலாம்னு பரிசோதனை பண்ணிச் சொல்லத்தாங்க."

முன்பும் இப்படித்தான். ரோட்டை அகலப்படுத்துவதற்கு முன்னால் சிலர் சிரித்துக்கொண்டே வந்து பையில் மண் அள்ளிப் போனார்கள். அவர்களுக்கு மோர்கூடக் கொடுத்தாள். அடுத்த மழைக்குள் அளவுக்கல் நட்டுவிட்டார்கள். பாதி நிலம் ரோட்டோடு போயிற்று. மிச்ச நிலத்தில் விளையும் இந்தத் தக்காளிதான் அவளுக்குச் சோறு.

"வெயில்ல நீ எதுக்குக் கண்ணு கஷ்டப்படற? வூட்டு நெழல்ல குந்து, நானே எடுத்தாரேன்."

மண்வெட்டியை வாங்கிக்கொண்டு போனவள், வீட்டுக்குப் பின்னாலிருந்த எருக்குழி ஓரத்தில் சுரண்டிப் பையை நிரப்பினாள். நிலத்து மண் ஒரு பிடிகூட வெளியே போகக் கூடாது. கவிப்பிரியா செல்போனிலிருந்து தலை தூக்கவில்லை.

கொஞ்ச நாளில் ஒரு கார் வந்து நின்றது. குள்ளம்மாள் பறித்த களையைப் போட்டுவிட்டு எழுந்தாள். பயிற்சியை மேற்பார்வையிடும் பேராசிரியர் மாதவராஜ் இறங்கினார். பின்னால் கவிப்பிரியா.

"இவ்வளவு சத்தான மண்ண இந்தப் பக்கம் நான் பாத்ததே இல்லைங்க. நேர்ல பாக்கலாம்னு வந்தேன்."

சொல்லிக்கொண்டே நிலத்தைப் பார்த்தார். செடிகள் மஞ்சளடித்துக் கிடந்தன. அவர் பார்வை மாணவி மேல் திரும்பியது.

"இங்க எடுத்தியா, ரூம் வாசல்ல பூந்தொட்டியில எடுத்தியா? ஃபெயிலாகி அடுத்த வருசமும் வந்து பயிற்சி எடுக்கறியா?"

'அந்தம்மாதான் எடுத்துக் கொடுத்தாங்க' என்று கவிப்பிரியா கை காட்டவில்லை. இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு நடிக்கிறார்களோ என்று குள்ளம்மாள் உற்றுப் பார்த்தாள். அந்தப் பெண் திரும்பிக்கொண்டு புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"அவள எதுக்கு வையறீங்க? நாந்தான் எருக்குழியில அள்ளிக் குடுத்தேன். மண்ண எடுப்பீங்க, அப்பறம் கல்ல நடுவீங்க. எனக்குத் தெரியாதா?"

"கல்லா?" என்று விழித்த பேராசிரியருக்கு, ரோட்டுப் பக்கம் அவள் கை நீண்டதும்தான் விளங்கியது. காரிலிருந்து மண்வெட்டியை எடுத்து மாணவியிடம் நீட்டினார்.

"அவங்க சரின்னா எடு. நீயே எடு."

குள்ளம்மாள் ரோட்டையும் நிலத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரோட்டோரம் வேணாம். நடுவுல எடு. குழிய மூடிட்டுத்தான் போவணும், ஆமா."

கவிப்பிரியா எடுத்தாள், மூடினாள், மிதித்தும் விட்டாள். கார் போனபின் குள்ளம்மாள் வரப்பைச் சுற்றி வந்தாள். எங்கும் கல் இல்லை. மூடிய குழியையும் ஒருமுறை கிளறிப் பார்த்துவிட்டுத்தான் களை பறிக்க உட்கார்ந்தாள்.