கதை கேட்டுக் குத்துற மிஸி

ஊசி எண்டா முகத்தைத் திருப்புற ஆக்களே, குத்துற தாதிமார், மிஸிமார் எங்களுக்கும் நெஞ்சு படபடக்கும் எண்டு உங்களுக்கு ஆரும் சொல்லியிருக்கமாட்டாங்க.

நண்டுக் கறி

கல்லடிப் பள்ளிக்கூடமொண்டில தடுப்பூசி நாள். முதல் பிள்ளை கத்தினா முழு வகுப்பும் கத்தும். எனக்கு எப்பவும் அந்தப் பயம்தான். அண்டைக்கு முன்னுக்கு நிண்டவளுக்கு உதடெல்லாம் வெளிறிப்போச்சு. "நண்டுக் கறிக்கு அம்மா என்னென்ன போடுவா, சொல்லு மனே" எண்டு கேட்டன். முருங்கையிலை வரைக்கும் வந்தாள், நான் குத்தி எடுத்திட்டன்.

பஞ்சை அமத்திப் பிடிச்சுக்கொண்டு கேட்கிறாள்: "மிஸி, இன்னும் புளி சொல்லல்லையே?"

தலைக்கனம்

அதோட எனக்குத் தலைக்கனம் ஏறிற்று. ஊசி போடப்போறன் எண்டே சொல்றதில்ல. கதை கேட்பன், குத்திருவன். அங்கதான் பிழை விட்டன். அடுத்த வகுப்பில ஒரு பிள்ளையிட்ட "சாப்பிட்டியா மகள்?" எண்டு சும்மாதான் கேட்டன், ஊசி இன்னும் பெட்டிக்குள்ள. ஐயோ, அவள் போட்ட சத்தத்தில அதிபரே ஓடி வந்திட்டார்.

வரிசையில நிண்ட ஒருத்தி பக்கத்தில நிண்டவளுக்குச் சொல்றாள்: "அவ சிரிச்சுக் கதை கேட்டா கையை ஒளிச்சிரு!"

செத்த நாய்

பனிச்சங்கேணியில பதினாலு வயதுப் பிள்ளையொண்டை நாய் கடிச்சிட்டு. ஆஸ்பத்திரியில முதல் ஊசியை நான்தான் கதை கேட்டு, அவளுக்குத் தெரியாமக் குத்தினன். ரெண்டாம் ஊசி நாள் அவள் வரல்ல. கடிச்ச நாய் செத்துப்போச்சு எண்ட செய்தி மட்டும் வந்திச்சு. அப்ப அது விசர் நாயா இருக்கும்; அந்த விசர் ஆளுக்கு ஏறினாப் பிறகு மருந்தே இல்ல.

தாய்க்குப் போன் எடுத்தன். "மீன் வாடிக் குடிலுக்குள்ள ஒளிச்சிக்கிட்டு வரமாட்டன் எண்டு நிக்கிறாள் மிஸி" எண்டு அழுதா. போனை மகளிட்டக் குடுக்கச் சொன்னன்.

"மனே, இனி ஏமாத்தமாட்டன். ஊசியைக் காட்டுவன். நீ போடு எண்டாத்தான் போடுவன்."

பின்னேரம் வந்தாள். கதிரையில இருந்ததும், "நீங்க ஒண்டும் கேட்கவேணாம், நான் கேட்கிறன்" எண்டாள். "உங்களுக்கு என்னத்துக்குப் பயம்?"

"நீ வராமலே போயிருவியோ எண்டுதான்..." எனக்குக் கண் நிறைஞ்சிட்டு.

அவள் என்ட முகத்தையே பார்த்தாள். "போடுங்க" எண்டாள். ரெண்டு கையிலயும் போட்டன். ஒரு சத்தமில்ல.

எழும்பிப் போகக்குள்ள சொன்னாள்: "நல்லா நொந்தது மிஸி. நீங்க அழுதீங்க எண்டுதான் நான் கத்தல்ல."

மிச்ச ஊசிகளுக்கும் அவள் நாள் தவறாம வந்தாள்; என்னைப் பார்த்துக்கொள்ள ஒராள் வேணும் எண்டு நினைச்சிருப்பாள்.