கியூவில் அப்பாவின் கைநாட்டு

2007 மே, ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பதரை தாண்டியதும், அக்கா குடியிருக்கும் கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் ரயில் ஏறினோம். அக்காவிடம் முதியோர் இலவச பாஸ். துறையூரிலிருந்து வந்த எனக்கு, ஒன்பதரைக்குப் பிறகு கிடைக்கும் மலிவு டிக்கெட்டே ஐந்து பவுன் எழுபது. இங்கேயும் கொடுப்பினை அவளுக்குத்தான்.

அப்பாவும் அவளுக்குத்தான் கிடைத்தார். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் அவருக்கு வேலை. அக்காவை அவரிடம் விட்டுவிட்டு, என்னைப் பெற்றெடுக்க அம்மா துறையூர் வந்தாள். இரண்டாம் உலகச் சண்டைக் காலம். கூலிக்காரர்கள் இலங்கைக்குக் கப்பலேறக் கூடாது என்று டெல்லி தடை போட்டது. தடை தளர்வதற்குள் அப்பா இறந்துபோனார். அக்கா யாழ்ப்பாணத்தில் வாழ்க்கைப்பட்டு லண்டனுக்கு வந்தவள். "அப்பா உன்னைப் பற்றிக் கதைச்சதே இல்லையடி" என்பாள்.

அப்பா கொடுத்த மனு ஒன்று லண்டனின் மறுகோடியில், கியூ என்ற இடத்தில் இருக்கிறது என்று அவள் மகன் குகன் கண்டுபிடித்தான். என்னைக் கேட்டிருக்கிறாரா என்று பார்க்கத்தான் போனேன்.

குகனும் கூட வந்தான். ஒரு மணி நேரத்தில் கியூ கார்டன்ஸ். அங்கிருந்து பத்து நிமிட நடை. பழைய அரசாங்கக் காகிதங்கள் வைத்திருக்கும் பெரிய கட்டடம். உள்ளே பேனா கூடாது, பென்சில்தான். இரண்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அதில் நஷ்டமில்லை.

குகன் காகிதக் கட்டைத் திறந்து மெல்லச் சொன்னான்: "இலங்கை அரசாங்கம் இந்தியாக்காரரை வேலையால நிப்பாட்டினது, சின்னம்மா. அதுக்கு டெல்லி, இனி ஆள் விடமாட்டம் எண்டது. மாறி மாறி எழுதியிருக்கினம். ஒவ்வொண்டுக்கும் கீழ, 'தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்'."

"எங்கம்மாவுக்கு ஒரு பயலும் கீழ்ப்படியலியே" என்றேன். பக்கத்து மேசை வெள்ளைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

தோட்டத்துத் துரை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த மனு அடியில் இருந்தது. குகன் தமிழில் சொன்னான்: 'என் மனைவியும், நான் இன்னும் பார்க்காத கைக்குழந்தையும் திரும்பி வர உத்தரவு தர வேண்டும்.'

"என்ர பேர்?" என்றாள் அக்கா.

"இல்லையம்மா."

"வடிவாப் பாரடா."

திருப்பிப் பார்த்தான். இல்லை. அவள் முகம் சின்னதாகிப் போனது. எனக்கு இனித்தது, மறைக்க மாட்டேன். பக்கத்தில் இருக்கும் பிள்ளையை எதற்கு மனுப் போட்டுக் கேட்கவேண்டும்? அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மனுவின் கீழே கைநாட்டு. ரேகைகளின் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு. காகிதக் கிழிசல் என்று நினைத்தேன். அக்கா குனிந்து பார்த்தாள்.

"தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி வெட்டினது. அப்பா என்ர தலையைப் பிடிச்சு வாரி விடேக்க, அந்தத் தழும்பு என்ர காதில உரசும்."

ஊரில் எல்லோருக்கும் காட்ட எடுத்த மனுவின் நகல் என் பையில் இருந்தது. பிளேஸ்டோ வரும்வரை நான் அதை எடுக்கவில்லை. அவள் காதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.