தாய்மாமன் கொடுத்த படிப்பு

போன வாரம் என் ஸ்கூட்டர் மறுபடியும் மக்கர் பண்ணியது. வழக்கம்போலத் தல்லாகுளத்தில் மெக்கானிக் ஒச்சப்பன் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். மனிதர் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

“என்ன ஒச்சப்பன், பாப்பாவுக்கு மெடிக்கல் சீட் கெடைச்சிருச்சா?” என்று கேட்டுத் தொலைத்தேன். நீட் ரிசல்ட் வந்த அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஜிலேபி கொடுத்தவர் ஆயிற்றே!

“இல்லண்ணே. அந்த எட்டாப்பு கெடுத்துருச்சு.”

அரசுப் பள்ளியிலேயே ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் தனி ஒதுக்கீடு உண்டு. நல்ல விஷயம். மகள் பவித்ரா எடுத்த மார்க்குக்கு அதில் தாராளமாக இடம் கிடைத்திருக்கும். ஆனால் எட்டாம் வகுப்பை மட்டும் அவள் தனியார் பள்ளியில் படித்திருக்கிறாள். அதனால் ஒதுக்கீடு இல்லை. பொதுப் போட்டிக்கு அந்த மார்க் போதாது.

நடுவில் ஏன் பள்ளி மாறினாள்? அங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் வருகிறது.

அவளுக்குச் சடங்கு வைத்தபோது, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து தாய்மாமன் மேளதாளத்தோடு சீர் கொண்டுவந்தார். அப்போது சொந்தமாக லாரி வைத்திருந்தார். பட்டு, பழம், வளையல் எல்லாம் இறக்கிவிட்டு மைக்கைப் பிடித்தார்.

“எம் மருமக இனி இங்கிலீஷ் ஸ்கூல்லதான் படிக்கும். அது எஞ் சீரு!”

பந்தலே கைதட்டியது. தாய்மாமன் சீரை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? சொன்னால் அந்த வாசலை அவர் மறுபடி மிதிப்பாரா? தவிர, அவர் ஆசையாகத்தானே செய்தார்...

மறு வருடமே லாரியை ஃபைனான்ஸ்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பவித்ரா பழைய பள்ளிக்கே திரும்பினாள்.

“கவுன்சிலிங் ஆபீஸ்ல கேட்டுப் பாத்தீங்களா?” என்று ஒச்சப்பனிடம் கேட்டேன்.

“கேக்காம இருப்பனா? அங்க இருந்த ஆபீசரம்மா தண்ணியெல்லாம் குடுத்து நல்லாத்தேன் பேசுனாக. ரூல் அப்படித்தான்ணே இருக்குன்னாக. அவுகள என்னண்டு குத்தம் சொல்ல?”

அதுதான் என் வயிற்றெரிச்சல். யாரைக் குற்றம் சொல்வது? விதியைத் தளர்த்தினால் அந்த இடுக்கில் வசதியானவர்கள்தான் முதலில் நுழைவார்கள். அதுவும் நியாயமான பேச்சுதான்.

எங்கள் அடுத்த தெருவில் ஒரு பையன். முதல் முறை நீட்டில் கோட்டை விட்டான். இரண்டாம் முறையும் விட்டான். அப்பா அசரவில்லை — ஹாஸ்டலோடு கோச்சிங்கில் போட்டார். இந்த வருடம் சீட் வாங்கிவிட்டான். கஷ்டப்பட்டுத்தான் படித்தான், சந்தோஷம். ஆனால் அவனுக்குத் தவறி விழுந்து எழ இடம் இருந்தது. பவித்ராவுக்கு? அவள் தவறவே இல்லை. அவள்மேல் வைத்த பாசம்தான் அவளைக் கவிழ்த்தது.

படித்தால் மேலே வந்துவிடலாம் என்று இந்தப் பக்கத்தில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! இனி எந்த முகத்தோடு எழுதுவது? எனக்கு அந்த நம்பிக்கையே விட்டுப்போய்விட்டது.

பேசிக்கொண்டிருக்கும்போதே பவித்ரா அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். என்ன ஆறுதல் சொல்வது என்று தெரியாமல், “மாமா என்னம்மா சொல்றாரு?” என்றேன்.

“பாவம் சார், எல்லாம் தன்னாலதான்னு அழுகுறாரு. நேத்து பூ, பழத்தட்டோட வந்தாரு. என்னையத் தன் மகனுக்கே கட்டிக்கிறாராம்.”

ஒச்சப்பன் குனிந்து என் ஸ்கூட்டரில் எதையோ தேட ஆரம்பித்தார்.

“நீ என்னம்மா சொன்ன?”

“எங்கிட்ட எங்க சார் கேட்டாக? தட்டை வீட்டுல வாங்கி வச்சுட்டாக.”

அந்த வீட்டில் தாய்மாமன் கொண்டுவந்ததைத் திருப்பி அனுப்பிப் பழக்கமில்லையே!