பெயருக்கு நேரே பூஜ்யம்

கொட்டகலைக் கடைத்தெருவில், மஃறூப் நானாவின் போட்டோகொப்பிக் கடை மூலையில் இருந்த கணினியின் முன் நிஷாந்தியின் கால் ஆடிக்கொண்டே இருந்தது. பன்னிரண்டு நிமிடமே எஞ்சியிருந்தது. கொழும்பு மென்பொருள் நிறுவனமொன்றின் இணையவழித் தேர்வு. இருமுறை தவறியவளுக்கு இதுவே கடைசி வாய்ப்பு.

உயர்தரப் பரீட்சையில் கணிதம் தேறியும், மூன்றாண்டுகளாகத் தேயிலைத் தோட்டத்து மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், தராசருகே நின்று, ஒவ்வொருவரும் பறித்த கொழுந்தின் நிறையைப் பெயர்வாரியாகப் பதிபவள் அவள். நிரல் எழுதக் கற்றதெல்லாம் கைப்பேசியில்தான்.

எண்வரிசையொன்றை ஒழுங்கு குலையாமல் மூன்று துண்டுகளாக வெட்ட வேண்டும். எந்தத் துண்டின் கூட்டுத்தொகையும் எல்லையைத் தாண்டலாகாது. எத்தனை வழிகள்? முதல் எண்வரை எத்தனை, இரண்டாம் எண்வரை எத்தனை என்று சிறு விடைகளை அட்டவணையில் சேமித்து, அவற்றின்மேல் பெரிய விடையைக் கட்டும் ‘டைனமிக் புரோகிராமிங்’ முறையைத்தான் கையாண்டாள். ஆயினும் 2, 1, 3 என்ற மாதிரிக்கு, எல்லை மூன்று எனில், விடை ஒன்று. அவளுடைய நிரலோ நான்கு என்றது.

"தங்கச்சி, மழ இருட்டிக்கிட்டு வருது. கரண்ட் போறதுக்குள்ள முடிங்க," என்றார் மஃறூப்.

"என்னா புள்ள, இன்னுமா முடியல?" என்றாள், பக்கத்தில் அமர்ந்திருந்த தாய் சண்முகவடிவு.

"செத்த பேசாம இரும்மா!"

"ஒனக்காகத்தான கொழுந்து பறிக்கப் போகாம வந்து குந்தியிருக்கேன். இந்நேரம் பொன்னையா கங்காணி, ஒனக்குப் பதிலா நிக்கிற புள்ளகிட்ட எம் பேருக்கு நேரா பூஜ்யத்தப் போடச் சொல்லி, ‘மகாராணி டவுனுக்குப் போயிட்டாங்க’ன்னு நக்கலடிச்சிருப்பாரு."

"மகாராணிக்கு ஒரு பிளேன்டீ சொல்லவா?" என்று சிரித்தார் மஃறூப்.

நிஷாந்தியின் கால் நின்றது. மடுவத்தில் வராதவளின் பெயரும் இருக்கும்; நேரே பூஜ்யம் இருக்கும்; அவளும் ஓர் ஆளாகவே எண்ணப்படுவாள். அந்தப் பழக்கத்தில் எண்ணே இல்லாத துண்டையும் துண்டாகச் சேர்த்திருந்தாள். 2, 1 ஒரு துண்டு, 3 ஒரு துண்டு. வெற்றுத் துண்டு முன்னே, நடுவே, பின்னே என மூன்று பொய்வழிகள்.

துண்டுக்கு ஓர் எண்ணாவது வேண்டும் என்று ஒரு வரியைத் திருத்தினாள். விடை ஒன்று. விளக்கு ஒருமுறை மினுங்கியது. உடனே அனுப்பினாள். சோதனைகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின.

"என்னாடி சொல்லுது?"

"பாஸும்மா. புதன்கெழம நேர்முகத்துக்குக் கொழும்புக்கு வரச் சொல்றாங்க."

"அப்ப புதனுக்கும் பூஜ்யந்தான்," என்று குடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள் சண்முகவடிவு.