புழுதி இறங்கும் முன்

விடியற்காலையில் காற்று நின்றது. கோடை முழுதும் ஓயாமல் காற்றடிக்கும் ஈரானின் சாபுலில் அது நின்றால் முதலில் திடுக்கிடுவது காதுதான். ஸனோபர் எழுந்து ஜன்னலைப் பார்த்தாள். புழுதியைத் தடுக்க நனைத்துக் கட்டிய துணி மண்ணைக் குடித்துக் காய்ந்து, பலகையாக விறைத்துத் தொங்கியது. உதட்டை நக்கினாள், நறநறத்தது.

மத்தியானம் ஹொமேரா வருகிறாள். கணவன் ஷீர்திலின் அத்தை மகள். மழை பெய்யும் கோர்கானுக்கு எப்போதோ குடிபோனவள். தன் மகனுக்குப் பரஸ்துவைக் கேட்டு வருகிறாள். மகள் இந்தக் காற்றைத் தாண்டிக் கரையேறினால் போதும் என்று ஸனோபர் வேண்டாத நாளில்லை. போன கோடையிலேயே பரஸ்துவுக்கு இருமல் தொட்டிருந்தது. அதை வெளியில் யாரிடமும் சொல்லவில்லை.

காற்று ஓய்ந்தாலும் புழுதி ஓயாது. சலித்த மாவுபோல அந்தரத்தில் நிற்கும். ஒரு பகலாவது அது இறங்கிப் படிய விட்டு, பிறகு தண்ணீர் தெளித்து வார வேண்டும். சாபுலில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். ஸனோபருக்குத் தெரியாதா என்ன? ஆனால் சம்பந்தியாகப் போகிறவளை மண்மேட்டிலா உட்கார வைப்பது? தெளித்துப் பெருக்கலாமென்றால் குழாயில் வெறும் காற்றுதான் சீறியது.

துடைப்பத்தை எடுத்தவளைப் பார்த்து ஷீர்தில் வழக்கம்போல வாயைக் கொடுத்தான்.

"உங்கப்பா படகு ஓட்டின ஏரிதானே காஞ்சு புழுதியா வந்திருக்கு. பொறந்த வீட்டு ஆளை இப்படியா அடிச்சு வெரட்டுவே?"

அவள் சிரிக்கவில்லை. தாயும் மகளுமாகக் கம்பளங்களை முற்றத்துச் சுவரில் போட்டு அடித்தார்கள். பரஸ்து முகத்தில் சுற்றிய ஈர முக்காடு பாதி வேலையிலேயே காய்ந்துபோனது. குடத்துத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வருகிறேன் என்றவளை, நேரமாகிறது என்று ஸனோபர்தான் விடவில்லை.

மத்தியானத்துக்குள் வீடு கழுவிய கிண்ணம்போல ஆயிற்று. கவிழ்த்து வைத்த தேநீர்க் கோப்பைகளை விருந்தாளி உட்கார்ந்த பிறகுதான் நிமிர்த்தினாள்.

ஹொமேரா சிவப்புத் திண்டில் சாய்ந்து, கண்ணாடியை, சுவரை, தரையை ஒரு சுற்றுப் பார்த்தாள். தன் வீட்டில்கூட இவ்வளவு சுத்தமில்லை என்றாள். ஸனோபருக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது.

பரஸ்து தட்டோடு வந்தாள். கூடத்தின் நடுவில் முதல் இருமல். விழுங்கிக்கொண்டாள். இரண்டாவதில் தேநீர் தட்டில் தளும்பியது. அப்புறம் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக் குனிந்தாள். ஓட்டைத் துருத்தி இழுப்பதுபோல ஒரு சத்தம் கூடமெங்கும் கேட்டது.

"எத்தனை நாளா?" என்றாள் ஹொமேரா.

"இன்னிக்குத்தான் அண்ணி. காலையில கம்பளம் தட்டினோம். நான்தான் அவசரப்பட்டு..."

"காத்து நின்ன அன்னிக்கேவா?"

ஸனோபர் தட்டில் சிந்திய தேநீரை முக்காட்டு நுனியால் துடைத்தாள்.

"எந் தங்கச்சியும் இன்னிக்குத்தான், இன்னிக்குத்தான்னுதான் சொல்லிட்டிருந்தா. இந்தச் சத்தம் எனக்குத் தெரியும், ஸனோபர். அவளை இந்த மண்ணுலதான் வெச்சுட்டுப் போனோம்."

அதற்குமேல் அவள் அதைப் பேசவில்லை. தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்தாள். மகன் படிப்பு இன்னும் முடியவில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாள். பரஸ்துவின் தலையைத் தடவினாள். பெண் கேட்காமலே எழுந்துபோனாள். வண்டிவரை போய் வழியனுப்பிய ஷீர்தில் வெகுநேரம் உள்ளே வரவில்லை.

ஸனோபர் திண்டைப் பார்த்தாள். அந்தரத்தில் நின்ற புழுதி இப்போதுதான் நிதானமாக இறங்கியிருந்தது. ஹொமேரா சாய்ந்திருந்த இடம் மட்டும் சிவப்பாக இருந்தது, சுற்றிலும் சாம்பல். வடக்கு ஜன்னல் தடதடவென்று ஆடத் தொடங்கியது.

"அம்மா, குழாய்ல தண்ணி வருது. துணிய நனைச்சுத் தரட்டுமா?"

"நீ எந்திரிக்காதே."

ஸனோபரே நனைத்தாள். ஜன்னலில் நான்கு முனையும் கட்டி முடிப்பதற்குள் துணியின்மேல் மண் ஏற ஆரம்பித்திருந்தது.