பேசாமல் பிடித்த இடது கைப்பிடி

அம்மா போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் அவருடைய மகள் வணக்கத்துடன் எழுதுகிறேன். அம்மா கோபக்காரர். அதை மறைத்து எழுதினால் வேறு யாரையோ பற்றி எழுதியதாகிவிடும்.

சித்தையன்கோட்டையில் வெங்காயமும் கத்தரியும் போட்ட குடும்பத்தில் பிறந்து, திண்டுக்கல்லில் சின்னப் பட்டறை வைத்திருந்த அப்பாவுக்கு அம்மா வாழ்க்கைப்பட்டார். இரும்புப் பெட்டகத்தின் கைப்பிடிக்குள் போகும் பென்சில் தடிமனான கம்பிகளை வெட்டி, நுனியில் நட் ஏறுவதற்கு மரை போட்டுக் கொடுப்பது அப்பாவின் தொழில். முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் அடுப்படி, நடுவில் நாங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. சின்னப் பிள்ளை. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று அம்மா காலையிலேயே கெஞ்சினார். "செத்த நேரம் பொறு, கையில இருக்குறத முடிச்சுட்டு வாரேன்," என்றார் அப்பா. மதியம் வரை அதையேதான் சொன்னார். அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் பஸ் ஏறினார். கொடைரோட்டைத் தாண்டுவதற்குள் தம்பி மடியிலேயே போய்விட்டான். ஐயோ, அந்தப் பஸ்ஸில் அம்மா எப்படித்தான் உட்கார்ந்திருந்தாரோ! அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும் அப்பாவிடம், "இனி ஒங்களோட எனக்குப் பேச்சு இல்ல," என்றார்.

அதன்பிறகு எல்லாம் என் வழியாகத்தான். "உங்கப்பாவக் குளிக்கச் சொல்லு." "அரிசி தீந்துருச்சுன்னு உங்கப்பாட்ட சொல்லு." அப்பா பக்கத்திலேயே நிற்பார். பெரியவர்கள் எவ்வளவோ சமாதானம் பேசிப் பார்த்தீர்கள். அம்மா பாதியிலேயே எழுந்து போய்விடுவார்.

சில ஆண்டுகள் கழித்து அப்பாவுக்கு வாதம் வந்து இடது கை விளங்காமல் போனது. மரை போட இரண்டு கையும் வேண்டும். கம்பியை வைஸ் இடுக்கியில் நெட்டுக்குத்தாக இறுக்கி, நுனியை அரத்தால் லேசாகச் சரித்து, டை என்கிற மரை வெட்டும் கருவியை அதன்மேல் மட்டமாக உட்காரவைத்து, டையின் இரு கைப்பிடியையும் ஒரே அளவு அமுக்கித் திருக வேண்டும். ஒரு பக்கம் கூடினால் மரை கோணிக்கொள்ளும், நட் சாய்ந்து நிற்கும். அப்பா போட்டவையெல்லாம் கோணல் என்று திரும்பி வந்தன. ஒருநாள் அவர் டையைத் தூக்கி எறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதார்.

அம்மா வந்து டையை எடுத்துக் கம்பியில் வைத்து இடது கைப்பிடியைப் பிடித்தார். அப்பா எழுந்து வலதைப் பிடித்தார்.

"அம்புட்டு அமுக்காத புள்ள. அரைச் சுத்து. நிறுத்து. இப்ப கொஞ்சம் பின்னுக்குத் திருப்பு, பிசிறு அறுந்து விழட்டும். எண்ணெய விடு," என்று அப்பா சொல்லச் சொல்ல அம்மா செய்தார். முதல் கம்பி கோணியது. அம்மாவே நுனியை அறுத்துவிட்டு மறுபடி இறுக்கினார். அடுத்தது நேராக இறங்கியது. "நட்டப் போட்டுப் பாக்கச் சொல்லு," என்றார் அம்மா என்னிடம். நட் வழுக்கிக்கொண்டு போனது. இனியாவது பேசிவிடுவார் என்று நானும் அப்பாவும் அவர் முகத்தையே பார்த்தோம். அவர் கையைத் துடைத்துக்கொண்டு குழம்பைப் பார்க்கப் போனார்.

நாலைந்து மரை பிடித்துவிட்டால் டை தானாக நேரே இறங்கும், அப்பா ஒற்றைக் கையாலேயே முடித்துக்கொள்வார். ஒவ்வொரு கம்பியின் தொடக்கத்துக்கும் அம்மா வருவார், பிடிப்பார், போவார். அந்தக் கம்பிக் காசில்தான் என் கல்யாணமே நடந்தது. நான் புகுந்த வீடு போனபின் அப்பாவுக்குச் சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

கடைசியில் வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அப்பா, "ஏ புள்ள, ஏசவாவது செய்யி," என்று கெஞ்சினார். அம்மா என்னைப் பார்த்து, "உங்கப்பாவ ரெண்டு இட்லி திங்கச் சொல்லு. காலைலருந்து பட்டினி," என்றார். "திங்கிறேன் புள்ள, திங்கிறேன்," என்றார் அப்பா. அன்று சாயங்காலமே அம்மா போய்விட்டார்.

அம்மாவுக்கு ரத்தம் கொடுத்தவர்களுக்கும், நிலக்கோட்டையிலிருந்து கடைசி மாலை கொண்டுவந்த சித்தி வீட்டாருக்கும், அப்பாவைத் தாங்கிப் பிடித்த பட்டறைக்காரர்களுக்கும் என் நன்றி. துக்கத்துக்கு வந்தபோது உங்களில் பலர், "அவ மனசு ஆறித்தான் போயிருப்பா," என்று அப்பாவைத் தேற்றினீர்கள். "இல்லப்பா, பேசலையே," என்று அவர் அதன்பின்தான் அதிகம் அழுதார். இன்று அதைச் சொல்லாதீர்கள். பந்தியில் அவர் பக்கத்தில் உட்காருங்கள். சொல்ல ஆளில்லாவிட்டால் இலை முன்னால் சும்மாவே இருப்பார். யாராவது அவரைச் சாப்பிடச் சொல்லுங்கள்.